சிறுநீரகம் திடீரென வேலைநிறுத்தம் செய்தால்...



கிட்னி கெட்டுப்போவது என்றால் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இன்னொரு வகையும் உண்டு. நேற்று வரை நன்றாகக் களையெடுத்த பெண்ணுக்கு இரண்டே நாளில் சிறுநீரகம் நின்றுபோகலாம். இதைத் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு என்கிறார்கள்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. தேவையானதை உடம்புக்கே திருப்பிவிட்டு, ஒன்று, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. வாய்க்காலில் தண்ணி குறைஞ்சா கடைமடை வயல் காயும் இல்லையா? அதுபோல உடம்பில் நீரோ ரத்தமோ குறைந்தால் சிறுநீரகம் வாடிவிடும். கடுமையான வாந்தி பேதி, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, எலிக்காய்ச்சல் எல்லாமே இதில் கொண்டுபோய் விடலாம்.

நம் பெண்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சாயங்காலம் உடம்பு வலிக்குது என்று மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அதில் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை இருக்கும். இது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். உடம்பு காய்ந்திருக்கும்போது போட்டால் இரட்டை அடி. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. குழுவாகப் போய்க் கேளுங்கள்.

அடுத்து பாம்புக்கடி. கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் தாக்கும். இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, மந்திரிக்கப் போவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், 108-ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். இந்த மருந்து அங்கே இலவசம்.

பேதியானால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். பாதிப் பாக்கெட், அரை டம்ளர் என்று கணக்கை மாற்றாதீர்கள். சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, காபி நிறத்தில் போனாலோ, முகம், கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிதான். வீக்கம் வந்தபிறகு "நல்லா தண்ணி குடி, சரியாயிடும்" என்று வற்புறுத்தக் கூடாது. வெளியேற வழியில்லாத தண்ணீர் நுரையீரலில் சேர்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள்.

டாக்டர் டயாலிசிஸ் என்றதும், "ஐயோ, ஆரம்பிச்சா ஆயுசு முழுக்க செய்யணுமாம்" என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. அது மெல்ல மெல்லக் கெட்டு முற்றிலும் செயலிழந்த சிறுநீரகத்துக்கான பேச்சு. திடீரென நின்றது சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் மறுபடி வேலை செய்யும். அதுவரை சில தடவை டயாலிசிஸ் தேவைப்படலாம், அவ்வளவுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வட்டிக்கு ஓடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

குணமாகி வந்தவர் டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்தத் தேதியைக் குழுவின் தீர்மான நோட்டில் ஊக்குநர் குறித்து வைத்து, முதல்நாளே ஞாபகப்படுத்தலாம்.