மிலானா, பார்சிலோனாவா?

கேள்வி: என் மகளுக்கு இத்தாலியில் மிலானிலும் ஸ்பெயினில் பார்சிலோனாவிலும் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மருமகன் போன பிறகுதான் வேலை தேட வேண்டும். பேத்திக்கு மூன்று வயது. இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. எந்த நாட்டில் வாழ்க்கைத்தரம் மேல்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நாட்டு சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மருத்துவத்தில் இரண்டும் சமம். இத்தாலி 1978இலும் ஸ்பெயின் 1986இலும் எல்லோருக்குமான பொது மருத்துவத்தைச் சட்டமாக்கின. இரு நாட்டு மக்களும் சராசரியாக 83 வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பதும் இரண்டு இடத்திலும் உண்டு.

வித்தியாசம் முதலில் வரியில் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் உயர்திறன் பணியாளர்களுக்கு இத்தாலி, 2024 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, ஐந்து ஆண்டுகளுக்குச் சம்பளத்தில் பாதிக்கு வரி விலக்குத் தருகிறது. சிறு பிள்ளையுடன் குடியேறினால் விலக்கு 60 சதவீதம். ஸ்பெயின் தருவது வேறு வகைச் சலுகை: வந்த ஆண்டையும் சேர்த்து ஆறு ஆண்டுகள், 6 லட்சம் யூரோ வரையிலான சம்பளத்துக்கு ஒரே சீராக 24 சதவீத வரி. சாதாரண மென்பொருள் சம்பளத்துக்கு மிலானில்தான் கைக்கு அதிகம் வரும். சேமித்துக்கொண்டு ஐந்து ஆண்டில் ஊர் திரும்புவதுதான் திட்டம் என்றால் மிலானுக்கே போகச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இன்னொரு பிள்ளையைப் பற்றியும்தான். அங்கேதான் என் மனம் ஸ்பெயின் பக்கம் சாய்கிறது. 2021 முதல் அங்கே தாய்க்கும் தந்தைக்கும் பேறுகால விடுப்பு ஒரே அளவு: ஆளுக்கு 16 வாரம், முழு ஊதியத்துடன். 2025இல் இதை இன்னும் நீட்டித்தார்கள். இத்தாலியில் தாய்க்கு ஐந்து மாதம் உண்டு. தந்தைக்குக் கட்டாய விடுப்பு 10 நாள்தான். தாத்தா பாட்டி பக்கத்தில் இருக்கும் இத்தாலியக் குடும்பம் அதைச் சமாளித்துவிடும். நீங்கள் இருப்பதோ கோவையில். பிள்ளை பெற்றதும் வேலையை விடும் பெண்கள் இத்தாலியில் நிறையப் பேர். பெண்கள் வேலைக்குப் போவது ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைவாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. உங்கள் மகள் அந்த வரிசையில் சேர்வதை நான் விரும்பமாட்டேன்.

மிலானின் காற்றையும் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ், அப்பெனைன் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது போ ஆற்றுச் சமவெளி. குளிர்காலத்தில் காற்று அசையாது. புகை அப்படியே தேங்கிவிடும். பேத்திக்கு மூச்சிரைப்பு இருந்தால் இது ஒன்றே போதும், மிலானை விட்டுவிட.

பார்சிலோனாவில் பெரிய தலைவலி வீடுதான். சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் குடியிருப்புகளுக்கான உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடித்துவிடப்போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது என்றால் நெருக்கடியை ஊகித்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் வாடகைக்கு உச்சவரம்பு வந்ததும், அதிலிருந்து தப்பப் பல உரிமையாளர்கள் 11 மாதத் தற்காலிக ஒப்பந்தத்துக்கு மாறினார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் மகள் கையெழுத்திட வேண்டாம். வாடகைக்கு எடுக்கும் வீட்டின் முகவரியை நகராட்சியில் பதிவு செய்ய உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதையும் முன்கூட்டியே கேட்கட்டும். பள்ளியில் இடம், மருத்துவ அட்டை எல்லாம் அந்தப் பதிவை நம்பித்தான். பேத்தி போகும் அரசுப் பள்ளியில் பாடமொழி கத்தலான். ஸ்பானிஷும் கூடவே வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது பாரமே அல்ல.

மருமகனின் வேலைதான் எனக்குக் கவலை. ஸ்பெயினில் வேலையின்மை பல ஆண்டுகள் 10 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. இத்தாலியில் அதைவிடக் குறைவு. அவரும் கணினித் துறை என்றால் பார்சிலோனாவில் ஆங்கிலத்திலேயே நடக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேறு துறை என்றால் இப்போதே ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கட்டும்.

என் தீர்ப்பு பார்சிலோனா. போனதும் மறக்கக் கூடாத ஒன்று: அந்த 24 சதவீத வரிச் சலுகை தானாக வராது. சமூகப் பாதுகாப்பில் பெயர் பதிவான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.