கொசு ஈரல் ஏழு தட்டு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்து வயது மகள் படக்கதைப் புத்தகமே கதி என்று கிடக்கிறாள், அதில் ஒரு சிண்டரெல்லா இளவரசனே வேண்டாம் என்று கிளம்பிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "கதையை இப்படி மாற்றலாமா? படம் பார்ப்பதெல்லாம் படிப்பில் சேர்த்தியா?" என்பது உங்கள் கேள்வி.

நானும் பாசிர் கூடாங்காரன்தான். என் பாட்டி மாசாய் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். லயத்து வாசலில் எங்களை உட்காரவைத்து அவர் சொன்ன கதை, நம் ஜொகூரின் குனோங் லேடாங் இளவரசி கதை. மலாக்கா சுல்தான் மஹ்மூட் பெண் கேட்டு ஆளனுப்ப, மலையிலிருந்து நிபந்தனைகள் வரும்: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், கொசு ஈரல் ஏழு தட்டு, ஒரு தாழி கண்ணீர். 'ஏழு தட்டுக்கு எத்தனை கொசு அடிக்கணும்?' என்று பாட்டி கேட்பார். நாங்கள் விரல்விட்டு எண்ணுவோம்.

வளர்ந்த பிறகு ஆங்கிலத்தில் படித்தேன். அதில் கொசுவின் இதயம் என்றிருந்தது. மலாயில் 'ஹாத்தி' என்றால் ஈரல். மனதுக்கும் அதே சொல்தான். மலாய்க்கார அண்டை வீட்டம்மாவிடம் கேட்ட கதையைப் பாட்டி சந்தையில் வாங்கும் ஈரலாகவே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் நூலில் இன்னொன்றும் கண்டேன். அங்கே இளவரசி முகம் காட்டுவதே இல்லை. நிபந்தனைகளைச் சொல்வது ஒரு கிழவி. அவளேதான் இளவரசி என்பாரும் உண்டு. சுல்தானுக்குப் பெண்ணைக் கேட்கத் தெரிந்தது, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மறுகதை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் நுழைகிறார்கள்.

கதைகள் மாறாமல் இருந்ததும் கிடையாது. கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்று உறுத்தியதோ என்னவோ, 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கிவிட்டார்கள். உங்கள் மகளின் சிண்டரெல்லாவுக்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது.

இனி படம். சென்னையின் தாரா புக்ஸ் 2011-ல் 'சீதாஸ் ராமாயணா' என்ற நூலை வெளியிட்டது. எழுத்து சம்ஹிதா ஆர்னி. படம் வங்காளத்துப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகார். சுருளை விரித்துக்கொண்டே பாடிக் கதை சொல்லும் மரபு அவருடையது. கருவுற்ற சீதை காட்டுக்குத் துரத்தப்பட்ட பிறகு, அந்தக் காட்டுக்கே தன் கதையைச் சொல்கிறாள். போரில் வென்றவர்களோடு, கணவனை இழந்த பெண்களும் அதில் தெரிகிறார்கள். தடித்த கோட்டில் வரைந்த பெரிய பெரிய கண்கள். பக்கத்தைப் புரட்டினாலும் அவை நம்மை விடுவதில்லை.

நம் மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட் 1979-ல் தந்த 'கம்போங் பாய்' உங்கள் வீட்டில் இல்லையென்றால் இந்த மாதமே வாங்குங்கள். கீழே எழுத்து ஒன்றும் நடக்காததுபோல் இரண்டு வரி சொல்லும். மேலே படத்தில் ஊரே அமளிப்படும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதை வாசிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டங்கட்டமாக வரும் படக்கதையிலும் அப்படித்தான்: ஒரு கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்ததில் அழும் பிள்ளை. அடி விழுந்தது உங்கள் மகளின் மனசுக்குள். இதைப் படிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

கடைசியாக ஒன்று. இளவரசியின் நிபந்தனைகளில் சுல்தானின் சின்ன மகனுடைய இரத்தம் ஒரு கிண்ணமும் உண்டு. மற்றதெல்லாம் முடியும், இரத்தம் எடுக்க மனம் வராது என்று சுல்தான் பின்வாங்கியது அங்கேதான். பாட்டி அந்தக் கிண்ணத்தை ஒருநாளும் சொன்னதில்லை. பல வருடம் கழித்துப் புத்தகத்தில் பார்த்தபோது, பாட்டிக்குத் தெரியாமல் போயிற்றா என்று யோசித்தேன். பிறகுதான் நினைவு வந்தது: கதை கேட்கும்போது என் தம்பி எப்போதும் அவர் மடியில்தான் படுத்திருப்பான்.

இன்றிரவு உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கிண்ணத்தைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் பாடு. எப்படிச் சொன்னாலும் நீங்களும் கதையை மாற்றியவர்தான்.

அன்புடன்,
பாசிர் கூடாங்கிலிருந்து ஒரு வாசகன்