கூர்முனை பெல்லட்டும் பழைய வேட்டைக் கதைகளும்

மெரினாவில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அந்த ஏர் கன்தான் நம்மில் பலர் கையில் தொட்ட ஒரே துப்பாக்கி. கொல்கத்தா பிள்ளைகளுக்கு அது ஊர் மேளாவில் அறிமுகமாகிறது. வளர்ந்த பிறகு, டல்ஹவுசி சதுக்கம், எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய துப்பாக்கிக் கடைகளில் சொந்தமாக ஒன்று வாங்க ஆசை வருகிறது. ஆசையோடு சில நம்பிக்கைகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் கிடையாது, அதனால் முயல், கொக்கு என்று சின்ன வேட்டை ஆடினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவற்றில் மூத்தது.

லைசென்ஸ் விஷயம் பாதி உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் குழல்வாயில் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாமல் இருந்தால்தான் விலக்கு. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் சிலாகிக்கும் 5.5 மில்லிமீட்டர் ரகத்துக்கு இங்கே லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். வேட்டை விஷயமோ முழுத் தவறு. ஆனால் அந்தத் தவறுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது ‘சிறு வேட்டை விலங்குகள்’ என்றே ஓர் அட்டவணை இருந்தது. அதற்குத் தனி லைசென்ஸும் கொடுத்தார்கள். 1991 திருத்தம் அந்த வாசலை அடைத்தது. தாத்தா வாங்கிய அனுமதி பேரன் பேச்சில் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது. காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தொல்லைப் பிராணிகள் என்று ஒதுக்கிய ஐந்தாம் அட்டவணையும் 2023 ஏப்ரல் 1 முதல் இல்லை. சட்டத்தின் கண்ணில் சுட முயல்வதே வேட்டை என்பதால், குறி தப்பிவிட்டது என்ற சமாதானமும் எடுபடாது.

மரபு என்ற சமாதானமும் அப்படித்தான். மேற்கு வங்கத்தின் தென்மேற்கு மாவட்டங்களில் கோடைதோறும் நடக்கும் ஷிகார் உற்சவம் என்ற வேட்டைத் திருவிழாவில் விலங்குகள் கொல்லப்படுவதைத் தடுக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், அதே பகுதியின் லால்கர் காட்டில் ஒரு புலியே காயங்களோடு செத்துக் கிடந்தது.

அடுத்த நம்பிக்கை பெல்லட்டின் மூக்கைப் பற்றியது: கூராக இருந்தால் நேராகப் போகும், ஆழமாகப் பாயும். ஒரு பெல்லட்டை விரல்நுனியில் நிறுத்திப் பார்த்தால் விஷயம் விளங்கும். தலை கெட்டி, இடுப்பு ஒடுக்கம், பின்பக்கம் உள்குழிந்த மெல்லிய பாவாடை. எடை அரை கிராம் சொச்சம். சுட்டதும் காற்றழுத்தம் பாவாடையை விரித்து, குழலின் சுழல்வரிகளைக் கவ்வவைக்கிறது. வெளியே வந்தபின் அதே பாவாடை, இறகுப்பந்தின் இறகுபோல, பின்னாலிருந்து இழுத்துத் தலையை முன்னோக்கியே வைத்திருக்கிறது. நேர்கோட்டைக் காப்பாற்றுவது இந்த உடல்வாகு; முனையின் கூர்மைக்கு அதில் பங்கு குறைவு. போதாததற்கு, கூர்முனையை அச்சுக்கு நட்டநடுவில் அமைப்பது சிரமம். டப்பாவுக்குள் உருளும்போதே ஈயமுனை மழுங்கியும் போகும். பத்து மீட்டரில் தட்டை மூக்கு, அதைத் தாண்டினால் உருண்டை மூக்கு. துல்லியம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள்.

போட்டிகளில் தட்டை மூக்கே ராஜா. காகிதத்தில் அது சுத்தமான வட்ட ஓட்டை போடும். கூர்முனை கிழித்துக்கொண்டு போகும். பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். ஹூக்ளி மாவட்டத்து மெஹுலி கோஷ் 2018 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அந்தப் புள்ளியைத் துரத்தித்தான். எந்த பிராண்ட் சிறந்தது என்று கேட்டால் இந்த மட்டத்தில் யாரும் ஒரே பெயரைச் சொல்ல மாட்டார்கள். துப்பாக்கியை அசையாமல் பூட்டி, தலை விட்டம் 4.49, 4.50 என்று நூலளவு மாறும் பெல்லட்டுகளைச் சுட்டுப் பார்த்து, தன் குழலுக்கு ஒத்துவருவதை வாங்குவார்கள்.

வேகம் கூடினால் குறி கூடும் என்பதும் விளம்பரம் வளர்த்த நம்பிக்கை. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை நெருங்கும் பெல்லட் தள்ளாடத் தொடங்குகிறது. ஒலிம்பிக் ரைஃபிள் அதில் பாதி வேகத்தில்தான் சுடுகிறது.

வதையில்லாமல் கொல்லும் பெல்லட் என்று ஒன்று தனியாக இருப்பதாகவும் சொல்வார்கள். முயலையும் காட்டுப்புறாவையும் நிபந்தனைகளோடு சுட அனுமதிக்கும் இங்கிலாந்தில், லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைஃபிளின் உச்ச ஆற்றல் ஏறக்குறைய 16 ஜூல். பொறுப்புள்ள வேட்டைக்காரர் அங்கே மூக்கின் வடிவத்தைவிடத் தூரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். நாணயம் அளவுள்ள வட்டத்துக்குள் ஒவ்வொரு குண்டையும் போட முடியாத தூரத்தில் அவர் விசையைத் தொடுவதில்லை. தலையில் சரியாகப் படாத பெல்லட், எந்த ரகமானாலும், பிராணியைக் காயத்தோடு புதருக்குள் அனுப்பிவிடும். இந்தியாவில் இந்தக் கணக்கைக் காகித இலக்கில் மட்டுமே போட்டுப் பார்க்கலாம்.

பறவையியலாளர் சாலிம் அலியும் சிறுவயதில் ஏர் கன்னால் குருவி சுட்டவர்தானே என்று மடக்குவோர் உண்டு. சுட்டார், 1908 வாக்கில், பம்பாயில். கழுத்தில் மஞ்சள் தீற்றிய அந்தக் குருவி எதுவென்று கேட்கப் போய்த்தான் பறவையியலுக்குள் நுழைந்தார். அன்று அதைத் தடுக்கும் இன்றைய சட்டம் இல்லை. இன்றைய நிலவரத்துக்கு அருணாசலப் பிரதேசத்தைப் பார்க்கலாம். விளையாட்டுச் சாமான் என்று நினைத்த ஏர் கன்கள் காட்டுப் பறவைகளைக் காலி செய்வதைக் கண்டு, 2021-இல் அந்த மாநில அரசு லும்டுங் கிராமத்தில் ஒப்படைப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் தாமாகவே வந்து சேர்ந்தன.

சிக்கனக்காரர்களின் நம்பிக்கை ஒன்று பாக்கி: கீழே விழுந்த பெல்லட்டைப் பொறுக்கி மறுபடி சுடலாம். சுழல்வரி பதிந்து, பாவாடை நசுங்கிய பெல்லட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொறுக்கியது ஈயம் என்பதால், டீயும் சிங்காராவும் (வங்காளச் சமோசா) கையில் எடுப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.