ரோசா ஒதுன்பாயேவா பற்றி எழுத உட்காரும் முன்

வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்குக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சோவியத் யூனியன் உடைந்து உண்டான 15 நாடுகளில் எங்காவது கலவரம் வெடித்தால் நம் பக்கங்களில் வரும் கட்டுரை ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கும். தெருவில் கூட்டம், எரியும் மாளிகை, விமானம் ஏறிய அதிபர், கடைசியில் பதவியேற்ற புதுமுகத்தைப் பற்றி நாலு வரி. அந்த நாலு வரியை நாற்பது வரியாக எழுதப் பழகுங்கள். பாடத்துக்கு ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன்: கிர்கிஸ்தானின் ரோசா ஒதுன்பாயேவா. 2010 ஏப்ரலில், அதிபர் ஓடிப்போன நாட்டைக் கையில் வாங்கியவர். 20 மாதத்தில் தானாகவே இறங்கிப் போனவர். இவரை ஒழுங்காக எழுதத் தெரிந்துவிட்டால் ஜார்ஜியாவின் ஷெவர்ட்நாத்சேயும் ஆர்மீனியாவின் பாஷின்யானும் உங்களுக்கு அவ்வளவு சிரமம் தரமாட்டார்கள்.

1. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கிர்கிஸ்தானில் பெரும்பகுதி மலை. வடக்கே தலைநகர் பிஷ்கெக். தெற்கே பெர்கானா பள்ளத்தாக்கில் ஓஷ், ஜலாலாபாத். நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல் சாலை, 3,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள். அரசியலும் அந்த மலையால் இரண்டாகக் கிடக்கிறது. முதல் அதிபர் அகாயேவ் வடக்கத்தியார், அவரைத் துரத்திவிட்டு வந்த பகீயேவ் தெற்கத்தியார். பெர்கானாவை சோவியத் காலத்தில் மூன்று குடியரசுகளுக்குப் பங்கு போட்டார்கள். அதில் ஓஷ் நகரத்து உஸ்பெக் மக்கள் கிர்கிஸ் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். 1990 ஜூனில், சோவியத் கொடி பறந்துகொண்டிருக்கும்போதே, நிலத் தகராறில் தொடங்கிய மோதலில் அங்கே 300 பேருக்கு மேல் செத்தார்கள். 2010 ஜூனை எழுதுகிறவர் 1990-ஐ விட்டுவிட்டால் அந்தக் காப்பியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

2. 'எதிர்க்கட்சித் தலைவர்' என்று ஏஜென்சி காப்பியில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்யாதீர்கள். அந்த ஆள் அதற்கு முன் யார் என்று பாருங்கள். ஒதுன்பாயேவா 1950-இல் பிறந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார், ஊருக்குத் திரும்பி இயங்கியல் பொருள்முதல்வாதம் கற்பித்தார். 1981-இல் கட்சிப் பொறுப்பு. 1986-இல் கிர்கிஸ் சோவியத் குடியரசின் வெளியுறவு அமைச்சர். பிறகு மாஸ்கோவில், யுனெஸ்கோவுக்கான சோவியத் ஆணையத்தின் தலைமை. நாடு விடுதலையானதும் மறுபடி வெளியுறவு அமைச்சர், அமெரிக்காவுக்குத் தூதர், மறுபடி அமைச்சர், பிறகு லண்டனில் தூதர். அப்காசியா பிரச்சினைக்காக ஜார்ஜியாவில் ஐ.நா. பணி.

என்ன தெரிகிறது? தெருவிலிருந்து வந்தவர் இல்லை, அரண்மனைக்குள்ளேயே வளர்ந்தவர். அந்தப் பகுதியில் கலவரத்தால் மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஜாதிதான். ஷெவர்ட்நாத்சே சோவியத் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். பகீயேவே அகாயேவிடம் பிரதமராக இருந்தவர். உள்ளேயிருந்து வெளியே தள்ளப்பட்டவர்கள் எந்தக் கதவு வழியாகத் தள்ளப்பட்டார்கள் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

3. இவர் விஷயத்தில் அந்தக் கதவு ஒரு தேர்தல் விதி. 2005 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் பிஷ்கெக்கின் பல்கலைக்கழகத் தொகுதியில் நிற்க மனு போட்டார். கடைசி ஐந்து வருடம் நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் அவர் வெளிநாட்டில் இருந்ததில் ஒரு பகுதி அதே அரசாங்கத்தின் தூதராக! அந்தத் தொகுதியில் நின்றவர் அதிபர் அகாயேவின் மகள் பெர்மெத். இதைவிடப் பச்சையாக ஒரு காரணம் உங்களுக்குக் கிடைக்காது. ஆனாலும் அந்த வருடம் அகாயேவைத் துரத்திய, 'துலிப் புரட்சி' எனப்பட்ட மார்ச் 24 கிளர்ச்சியை எழுதியவர்களில் பலர் மனித உரிமை, மேற்கத்தியப் பணம், துலிப் பூ என்று எங்கெங்கோ போனார்கள். இந்த மனுவுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

கிளர்ச்சிக்குப் பின் தற்காலிக வெளியுறவு அமைச்சரானார். செப்டம்பரில் நாடாளுமன்றம் அவரை உறுதிப்படுத்த மறுத்தது. இடைத்தேர்தலில் நின்றார், தோற்றார். 2007 கடைசியில்தான் சமூக ஜனநாயகக் கட்சிப் பட்டியலில் உள்ளே வந்தார்.

4. மக்கள் ஏன் கொதித்தார்கள் என்பதைக் கரன்ட் பில்லில் தேடுங்கள். 2010 ஜனவரியில் பகீயேவ் அரசு மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 70 தியினிலிருந்து ஒன்றரை சோமாக ஏற்றியது. 100 தியின் ஒரு சோம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டைச் சூடாக்கும் கட்டணமும் ஏறியது, அதுவும் நடுக்குளிரில். அதிபரின் மகன் மக்சீம் முதலீட்டு முகமையைக் கையில் வைத்திருந்தார், தம்பி ஜானிஷ் பாதுகாப்புப் படையை. ஏப்ரல் 1-இல் ரஷ்யா பெட்ரோலுக்குத் தந்துவந்த வரிச்சலுகையை நிறுத்தியது. ஏப்ரல் 6-இல் தலாஸ் நகரம் வெடித்தது. 7-இல் பிஷ்கெக்கின் ஏழு மாடி அரசு மாளிகை முன்னால் கூடியவர்கள் மீது மேலேயிருந்து சுட்டார்கள். 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலரைப் புதைத்த ஆத்தா-பெயித் என்ற இடத்தில்தான் 1938-இல் ஸ்டாலின் ஆட்சி கொன்றவர்களும் கிடக்கிறார்கள். நம் வாசகர்கள் தமிழில் படித்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் கல்லறையும், அவருடைய தகப்பனாரின் கல்லறையும் அங்கேதான். இது ஒரு பெட்டிச் செய்திக்குப் போதும்.

5. பகீயேவ் ஓடியதும் இடைக்கால அரசின் தலைமை ஒதுன்பாயேவாவுக்கு வந்தது. 'ஏன் இவர்?' என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலரைக் கிளர்ச்சிக்கு முன் பிடித்து அடைத்திருந்தார்கள், இவர் வெளியே இருந்தார். நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். என் கணிப்பில் முக்கியமான காரணம் வேறு. அதம்பாயேவ், தெகெபாயேவ், சரீயேவ், பெக்நசாரோவ் என்று இடைக்கால அரசில் ஆளுக்கொரு கட்சியும் கணக்கும் வைத்திருந்தார்கள். தேர் வடத்தை ஆளுக்கொரு திசையில் இழுக்கிறவர்கள் நடுவே, சொந்தமாக வடமே இல்லாதவரை முன்னே நிறுத்துவது எல்லோருக்கும் வசதி. மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் பேசத் தெரிந்தவர் என்பது கூடுதல் லாபம். மனாஸில் அமெரிக்கத் தளம், காந்தில் ரஷ்யத் தளம் என்று இரண்டையும் வைத்திருந்த நாடு அது. கிளர்ச்சிக்கு மறுநாளே புதின் இவரிடம் தொலைபேசியில் பேசினார்.

6. நாற்காலி கிடைத்த அன்று கையில் என்ன இருந்தது என்று பட்டியல் போடுங்கள். இந்தக் கடிதத்தில் நீங்கள் அடிக்கோடு போட வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நாடாளுமன்றத்தைக் கலைத்தாயிற்று. அரசியல் சாசன நீதிமன்றத்தையும் கலைத்தாயிற்று. ஆட்சி நடப்பது ஆணைகளின் பேரில். ஆணையை நிறைவேற்ற வேண்டிய போலீஸ், ஐந்து வருடத்தில் இரண்டு அதிபர்கள் ஓடியதைப் பார்த்த போலீஸ். யாருக்காகச் சுட்டு யாரிடம் மாட்டிக்கொள்வது என்று அவர்கள் யோசிக்க மாட்டார்களா? தெற்கிலோ பகீயேவின் ஆட்கள் பதவிகளில் அப்படியே இருந்தார்கள்.

ஜூன் 10 இரவு ஓஷ் நகரத்தில் ஒரு சூதாட்ட விடுதி அருகே இளைஞர்கள் மோதிக்கொண்டார்கள். மாணவியர் விடுதியில் பாலியல் வன்கொடுமை நடந்தது என்று ஒரு பொய்ச் செய்தி பரவியது. விடிவதற்குள் தெருக்கள் எரிந்தன. 11-ஆம் தேதி நெருக்கடி நிலை. 12-ஆம் தேதி சுட்டுக்கொல்ல அனுமதி. அன்றே ரஷ்யாவிடம் படை கேட்டார் ஒதுன்பாயேவா. உள்நாட்டு விவகாரம் என்று மெத்வதேவ் அரசு ஒதுங்கிக்கொண்டது. கும்பல்கள் ராணுவத்தின் கவச வாகனங்களையே கைப்பற்றின. உஸ்பெக் குடியிருப்புகளின் சாலைகளில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று பெரிய எழுத்துகளில் பெயின்ட் அடித்து வைத்தார்கள், மேலேயிருந்து யாராவது பார்ப்பார்கள் என்று. வேறு சில சுவர்களில் 'கிர்கிஸ்' என்று கிறுக்கி வைத்திருந்தார்கள், இந்த வீட்டைக் கொளுத்தாதே என்பதற்காக. பின்னால் விசாரித்த சர்வதேச ஆணையம் சொன்ன கணக்கு: இறந்தவர்கள் சுமார் 470 பேர், அவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு உஸ்பெக்குகள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை தாண்டி உஸ்பெகிஸ்தானுக்கு ஓடினார்கள். ஓஷில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களையும் அப்போது வெளியேற்ற வேண்டியிருந்தது. கிர்கிஸ்தான் செய்தி நம் ஊர் வீடுகளுக்குள் வருகிற வழி அது.

தொலைவில் உட்கார்ந்து 'அரசு வேடிக்கை பார்த்தது' என்று எழுதிவிடலாம். எழுதும் முன் இதையும் பாருங்கள். அந்த ஆகஸ்டில் ஓஷ் மேயர் மெலிஸ் மிர்சக்மத்தோவை நீக்கப் பார்த்தார் ஒதுன்பாயேவா. பகீயேவ் காலத்து ஆள் அவர். பிஷ்கெக்கின் உத்தரவு தெற்கில் செல்லாது என்கிற தோரணையில் பேசிவிட்டு, பதவியிலேயே இருந்துகொண்டார். அவரை இறக்க 2013 டிசம்பர் ஆயிற்று, அதற்குள் ஒதுன்பாயேவா பதவியைவிட்டே போய் இரண்டு வருடம். ஒரு மேயரை மாற்ற முடியாத அதிபரிடம் ஒரு கலவரத்தை நிறுத்தும் பலம் எவ்வளவு இருந்திருக்கும்? அது அவருக்கு மன்னிப்பாகாது. அளவுகோலை எங்கே வைக்க வேண்டும் என்பதை மட்டும் அது காட்டும்.

7. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூன் 10 கலவரம். ஜூன் 27 பொதுவாக்கெடுப்பு. புகை அடங்காத ஊரில் வாக்குச்சாவடியா என்று வெளியே பலர் கேட்டார்கள், கேட்டதில் நியாயமும் இருந்தது. அவர் தள்ளிப்போட மறுத்தார். தன் ஓட்டையே ஓஷுக்குப் போய்ப் போட்டார். 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. நாடாளுமன்றத்துக்கு அதிக அதிகாரம் தரும் அரசியல் சாசனம், 2011 டிசம்பர் 31 வரை அவருக்கு அதிபர் பதவி, அடுத்த தேர்தலில் அவர் நிற்கக்கூடாது, எல்லாம் ஒரே ஓட்டில். ஆணையின் பேரில் ஆண்டவருக்குச் சட்டத்தின் பேரில் ஒரு நாற்காலி உடனே தேவைப்பட்டது. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. வீடு இழந்தவர்களின் ஊரில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதும் புரிகிறது.

8. கறையையும் அதே பத்தியில் எழுதுங்கள், கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். பின்லாந்தின் கிம்மோ கில்யுனென் தலைமையிலான அந்தச் சர்வதேச ஆணையத்தை அழைத்தவர் ஒதுன்பாயேவா. 2011 மே மாதம் அறிக்கை வந்ததும் கிர்கிஸ் நாடாளுமன்றம் கில்யுனெனை நாட்டுக்குள் வரக்கூடாதவர் என்று அறிவித்தது. உஸ்பெக் இனத்து மனித உரிமைச் செயல்பாட்டாளர் அசிம்ஜான் அஸ்கரோவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2010 செப்டம்பரில், இவர் அதிபராக இருந்தபோது. சித்திரவதை செய்தார்கள், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2016-இல் சொன்னது. 2020 ஜூலையில் அவர் சிறையிலேயே இறந்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் உஸ்பெக்குகள், தண்டனை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் உஸ்பெக்குகள். இதை எழுதாத ஒதுன்பாயேவா புகழ்ச்சிக் கட்டுரைகள் ஏராளம்.

9. 'மத்திய ஆசியாவின் முதல் பெண் அதிபர்'. உண்மைதான், ஒரு வரி கொடுங்கள். தலைப்பில் வேண்டாம்.

10. இறங்கிய நாளுக்கு ஏறிய நாளைவிட அதிக இடம் கொடுங்கள். 2010 அக்டோபர் 10 நாடாளுமன்றத் தேர்தலில் ஐந்து கட்சிகள் உள்ளே வந்தன. யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. முடிவு என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாத தேர்தல் அந்த வட்டாரத்தில் அதிசயம். 2011 அக்டோபரில் அதம்பாயேவ் அதிபர் தேர்தலில் வென்றார். டிசம்பர் 1-இல் ஒதுன்பாயேவா பொறுப்பை ஒப்படைத்தார். அக்கம்பக்கத்தைப் பாருங்கள்: அப்போது கஜகஸ்தானில் நசர்பாயேவ், உஸ்பெகிஸ்தானில் கரீமோவ், இருவரும் சோவியத் காலத்திலிருந்தே ஆண்டுகொண்டிருந்தார்கள். தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் 1992-இல் மேலே தூக்கிவிட்ட ரஹ்மோன் இன்னும் இறங்கவில்லை. ஒதுன்பாயேவாவும் நினைத்திருந்தால் ஏதாவது சட்டம் தேடியிருக்கலாம். சொந்த வடம் இல்லாதவரால் அது முடிந்திருக்குமா என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், நல்ல கேள்வி, கட்டுரையில் வையுங்கள்.

11. பதவிக்குப் பிந்தைய வருடங்களை விட்டுவிடாதீர்கள். 2010 அரசியல் சாசனத்தை 2020 வரை தொடக்கூடாது என்று ஏற்பாடு இருந்தது. அதம்பாயேவ் 2016-லேயே திருத்தக் கிளம்பினார். ஒதுன்பாயேவா எதிர்த்தார். அந்த வருட சுதந்திர தின மேடையில் அதம்பாயேவ் இடைக்கால அரசின் பழைய தோழர்களைச் சாடிப் பேச, இவர் எழுந்து போய்விட்டார். 2019-இல் அதம்பாயேவே கைதானார். 2020 அக்டோபரில் மீண்டும் கிளர்ச்சி. கூட்டம் சிறையிலிருந்து மீட்ட சதீர் ஜப்பாரோவ் சில நாட்களில் பிரதமர், சில மாதங்களில் அதிபர். 2021-இல் அதிகாரம் எல்லாம் மறுபடி அதிபர் கைக்கே போனது. ஒதுன்பாயேவா கொண்டுவந்த ஏற்பாடு உயிரோடு இருந்தது ஏறக்குறைய பத்து வருடம். 2022 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானுக்கான ஐ.நா. குழுவின் தலைமைக்கு இவரை அனுப்பினார்கள். ஐ.நா. அலுவலகங்களில் ஆப்கன் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று 2023 ஏப்ரலில் தாலிபான் உத்தரவு போட்டபோது, எதிரே உட்கார்ந்து பேச வேண்டியிருந்தவர் இவர்தான்.

12. பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். முதல் பத்தியில் பகீயேவ், மூன்றாவதில் பாகியெவ் என்று வந்தால் வாசகர் இரண்டு ஆள் என்று நினைப்பார். பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் பிஷ்கெக் செய்தியை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். நீங்கள் கட்டுரையை முடிப்பதற்குள் அங்கே அதிபர் மாறியிருக்கவும் கூடும்.