நம் வார்டு, நம் மன்றம்

நுழையும்முன்

நாடாளுமன்றத்தையும் சட்டமன்றத்தையும் பற்றி நாளிதழ்கள் முதற்பக்கத்தில் எழுதுகின்றன. தெருவிளக்கையும் வடிகாலையும் கவனிக்கும் மன்றத்தின் செய்தி உள்பக்கத்தின் ஓரத்தில் அடங்கிவிடுகிறது. ஆயினும் மக்களின் அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் இருப்பது அம்மன்றமே. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைத் திருவனந்தபுரம் மாநகராட்சியைக் கொண்டு அறிவோம்.

பன்னிரண்டு வாக்குகள்

திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியை அடுத்து அமைந்திருப்பது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் அவ்விடத்தின் அடையாளங்கள். இப்பெயரிலேயே மாநகராட்சியின் வார்டு ஒன்றும் அமைந்தது. 2025 பிப்ரவரி 24 அன்று அந்த வார்டில் இடைத்தேர்தல் நடைபெற்றது. வாக்குகளை எண்ணியபோது வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 12 வாக்குகள் மட்டுமே. நான்கைந்து வீட்டினர் வாக்குச்சாவடிக்கு வராமல் இருந்திருந்தால் முடிவே மாறியிருக்கக்கூடும். 'என் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

மன்றத்தின் அமைப்பு

திருவனந்தபுரம் 1920ஆம் ஆண்டு நகராட்சியாகவும் 1940ஆம் ஆண்டு மாநகராட்சியாகவும் ஆனது. நாடு முழுவதும் நகர உள்ளாட்சிக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பை அளித்தது 74ஆவது திருத்தச் சட்டம். அது 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை ஒட்டிக் கேரளம் 1994இல் தனது நகராட்சிச் சட்டத்தை இயற்றியது. நூறு வார்டுகளைக் கொண்டிருந்த மாநகராட்சிக்கு 2025 பொதுத்தேர்தலில் 101 வார்டுகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் தமது 21ஆம் வயதில் இம்மாநகராட்சியின் மேயரானார். இந்தியாவின் மிக இளைய மேயர் என்று நாடே அவரை வியந்து நோக்கியது.

வார்டு தோறும் மக்கள் தேர்ந்தெடுப்பவர் கவுன்சிலர். கவுன்சிலர்கள் தம்முள் ஒருவரை மேயராகவும் ஒருவரைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுக்கின்றனர். நிதி, வளர்ச்சி, நலம், சுகாதாரம், பொதுப்பணி, நகரமைப்பு, வரி மேல்முறையீடு, கல்வி மற்றும் விளையாட்டு என நிலைக்குழுக்கள் எட்டு. நிதிக்குழுவின் தலைவர் துணை மேயரே. தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் அலுவலர்களுக்குத் தலைவர் ஆணையர். கேரளத்தில் அப்பொறுப்பை ஏற்பவர் செயலாளர். தீர்மானிப்பது மன்றம், நிறைவேற்றுவது அலுவலகம்.

மன்றம் மாதம் ஒருமுறையேனும் கூடவேண்டும். நிகழ்ச்சி நிரல் முன்னரே உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும். விவாதமும் தீர்மானமும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகும். அக்குறிப்பேட்டில் ஏறாத வாக்குறுதி வெறும் பேச்சே.

ஒரு வடிகாலின் கதை

தெரு ஒன்றில் வடிகால் இடிந்துவிட்டது என்று கொள்வோம். மழைநீர் வீட்டு வாசல்வரை வருகிறது. மூதாட்டி ஒருவர் கவுன்சிலரிடம் முறையிடுகிறார். அடைப்பை நீக்குவதாயின் அது பராமரிப்புப் பணி. சில நாள்களில் முடியும். புதிதாகக் கட்டுவதாயின் அது திட்டப்பணி. அதன் பாதை நீண்டது.

முதலில் வார்டுக் குழு கூடுகிறது. கவுன்சிலர் அதன் தலைவர். குடியிருப்போர் சங்கங்களின் சார்பாளர்களும், குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்துப் பெண்களும் அதில் இடம்பெறுவர். எந்தத் தெருவின் தேவை முந்தியது என்று அங்கே பேசி வரிசைப்படுத்துகின்றனர். பிறகு அவ்வேண்டுகோள் துறைவாரியான செயற்குழுவுக்கும், வளர்ச்சிக் கருத்தரங்குக்கும், மன்றத்துக்கும் செல்கிறது. மன்றம் ஏற்ற திட்டத்தை மாவட்டத் திட்டக்குழு ஒப்புதல் அளித்த பின்னரே செயல்படுத்த இயலும். பொறியாளர் அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார், ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது, பணி நடக்கிறது, அளவுப் புத்தகத்தில் பதிவான பின் பணம் வழங்கப்படுகிறது, இறுதியில் தணிக்கை.

இத்தனை படிகள் எதற்கு? பணம் மக்களுடையது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கிறார். தாமதம் இம்முறையின் குறை. மறைவின்மை அதன் நிறை. குறையைக் களைந்து நிறையைக் காப்பதே நல்ல மன்றத்தின் திறமை.

1996 ஆகஸ்ட் 17 அன்று, கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு அளிக்க அரசு முன்வந்தது. தெருவில் இருப்பவரே தம் தெருவுக்குத் திட்டம் தீட்டும் நிலை அதனால் உண்டானது.

யாரிடம் கேட்பது?

குடிநீர்க் குழாய் உடைந்தால் கேரள நீர்வழங்கல் ஆணையத்திடம் சொல்லவேண்டும். மின்கம்பம் மின்வாரியத்துக்கு உரியது. அதில் எரியும் தெருவிளக்கின் பொறுப்பு மாநகராட்சிக்கு உரியது. பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்தல் வேண்டும். கட்டட அனுமதி, சொத்து வரி, வணிக உரிமம் முதலியனவும் மாநகராட்சியைச் சார்ந்தவை. 2024 ஜனவரி 1 முதல் இச்சேவைகளுள் பல 'கே-ஸ்மார்ட்' என்னும் இணைய வழியில் கிடைக்கின்றன. உரிய கதவைத் தட்டத் தெரிவதும் குடிமகனின் கல்வியே.

சிறு பணி தவறினால்

நகரத்தின் குப்பை நெடுங்காலம் அருகிலுள்ள விளப்பில்சாலை என்னும் சிற்றூருக்குச் சென்றது. 2000ஆம் ஆண்டு அங்குத் தொடங்கிய ஆலையால் தம் நீரும் காற்றும் கெட்டன என்று அவ்வூர் மக்கள் போராடினர். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. நகரம் திகைத்தது. ஒருவர் வீட்டுக் குப்பையை மற்றொருவர் வாசலில் கொட்டுவது தீர்வாகாது என்பதை அப்போது அது உணர்ந்தது. உணவுக் கழிவை வீட்டிலேயே உரமாக்குதல், நெகிழியைப் பிரித்து ஹரித கர்ம சேனையினரிடம் கட்டணத்துடன் ஒப்படைத்தல் என்னும் முறை பின்னர் வேரூன்றியது.

ஆயினும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாளில் அவர் உடல் கிடைத்தது. ஓடையை அடைத்திருந்த நெகிழி வானிலிருந்து விழுந்ததன்று. யாரோ சிலர் கைகளிலிருந்து விழுந்தது. நம் அலட்சியத்தின் விலையை மற்றொருவர் தம் உயிரால் செலுத்தினார்.

முன்னோர் மன்றம்

சோழர் காலத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டத்தைக் காக்கத் தோட்ட வாரியம் எனத் தனித்தனி வாரியங்கள் இருந்தன. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் நிற்க இயலாது. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அன்று அவ்வுரிமை இருந்தது. இன்று பதினெட்டு வயது நிறைந்த அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. உரிமை விரிந்திருக்கிறது, கணக்குக் கேட்கும் கண்டிப்பும் அதனோடு விரியவேண்டும்.

சொல்லும் பொருளும்

நிகழ்ச்சி நிரல் – கூட்டத்தில் பேசவேண்டிய பொருள்களின் வரிசை
மதிப்பீடு – பணிக்கு ஆகும் செலவின் முன்கணக்கு
தணிக்கை – வரவு செலவுகளைச் சரிபார்த்தல்
குடும்பு – ஊரின் உட்பிரிவு

மதிப்பீடு

1. ஸ்ரீவராகம் இடைத்தேர்தல் உணர்த்தும் கருத்து யாது?
2. பராமரிப்புப் பணி, திட்டப்பணி – வேறுபடுத்துக.
3. பிரித்து எழுதுக: நடைமுறை, தெருவிளக்கு, மறைவின்மை.
4. உத்திரமேரூர் முறையில் போற்றத்தக்கது ஒன்றும் ஏற்க இயலாதது ஒன்றும் எழுதுக.

சிந்தனை வினா

ஆமையிழஞ்சான் ஓடையில் நேர்ந்த இறப்புக்கு யார் யார் பொறுப்பு? காரணங்களுடன் வகுப்பில் கலந்துரையாடுக.

செயல்பாடு

உங்கள் தெருவில் உள்ள குறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உரிய அலுவலகம் எது என்பதை அறிந்து, வார்டு கவுன்சிலருக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதுக. இடம், நாள், குறையின் தன்மை ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுக. பெற்றோரின் கையொப்பத்துடன் அதனை உண்மையிலேயே அனுப்புக.