முன்பக்கப் பெயர், பின்பக்கப் பொடி எழுத்து

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது என்று கடலூர் முதுநகரில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வார்: வரி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் 5 சதவீதம் ஜிஎஸ்டி. மூட்டையில் ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி கிடையாது. அதற்கு முன், 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டு பெயர் இருந்தால்தான் இந்தச் சரக்குக்கு வரி. உடனே வியாபாரிகள் பலர் பெயர்மீது இருந்த உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டு வரியில் இருந்து தப்பினார்கள். உள்ளே இருந்த பொன்னி அப்படியேதான் இருந்தது.

மளிகையில் பெயருக்கு எவ்வளவு கொடுக்கிறோம், சரக்குக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்ற கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மாதச் சாமான் என்றால் முதுநகர் அல்லது திருப்பாதிரிப்புலியூர். சிப்காட்டில் சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறு என்றால் புதுச்சேரி. எங்கே போனாலும் அலமாரியில் இரண்டு வகை பாக்கெட் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. ஒன்று டிவியில் பார்த்துப் பழகிய பெயர். இன்னொன்று கடையின் சொந்தச் சரக்கு: ரிலையன்ஸின் குட் லைஃப், டிமார்ட்டின் பிரீமியா, ஆன்லைனில் வாங்கினால் பிக்பாஸ்கெட்டின் பிபி ராயல். உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டாக இருந்தால் கடைப் பெயரையே கவரில் அச்சடித்திருப்பார்கள். வெளிநாட்டிலும் இது பழைய கதை. பிரான்ஸின் கார்ஃபூர் 1976லேயே பெயரே இல்லாத வெள்ளைப் பாக்கெட்டில் ஐம்பது பொருள்களை விற்றுக் காட்டியது.

எதை எடுப்பது? என் அளவுகோல் எளியது. உள்ளே இருப்பது ஒரே பொருள் என்றால் கடைச் சரக்கே போதும். பல பொருள் சேர்ந்த கலவை என்றால் பெயருக்குக் கொஞ்சம் காசு கொடுக்கலாம், அதுவும் நாக்கு வித்தியாசம் கண்டுபிடித்தால்.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1842லேயே ஆலை போட்ட மாவட்டம் இது. கரும்பு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பண்ருட்டி போனவர்களுக்குச் சர்க்கரை விளம்பரம் தேவையில்லை. கந்தகம் சேர்க்காமல் சுத்திகரித்த ரகம் வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அந்த வார்த்தை பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். மற்றபடி காபியில் போட்டுக் கலக்கிய பிறகு எந்தப் பெயர் என்று யாராலும் சொல்ல முடியாது. உப்பும் அப்படித்தான். தூள் உப்பில் 'அயோடின் கலந்தது' என்ற சொல் இருந்தால் சரி. உப்பிலும் டீயிலும் அரசே கடைச் சரக்கு வைத்திருப்பது பலருக்கு நினைவுக்கு வராது. ராமநாதபுரம் வாலிநோக்கத்து உப்புக் கழகத்தின் உப்பும், குன்னூர் இன்கோசர்வின் ஊட்டி டீயும் ரேஷன் கடையிலேயே கிடைக்கின்றன.

பருப்பில்தான் சண்டை அதிகம். "அந்தக் கடைப் பருப்பு வேகவே மாட்டேங்குது" என்ற புகாரை இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் கேட்கலாம். பாதி நேரம் குற்றவாளி தண்ணீர். கடலோரத்தில், உப்பனாற்றை ஒட்டி இருக்கும் வீடுகளில் போர் தண்ணீரின் கடினத்தன்மை அதிகம். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இளகவிடாது. கேன் தண்ணீரில் மூன்று விசிலில் குழைகிற பருப்பு போர் தண்ணீரில் ஆறு விசிலுக்கும் முழித்துக்கொண்டு இருக்கும். ஆகவே இரண்டு பாக்கெட்டை ஒப்பிட வேண்டுமானால் ஒரே தண்ணீர், ஒரே குக்கர், ஒரே விசில் கணக்கு. அப்படிப் பார்த்தும் ஒன்று பிந்தினால் அது பழைய சரக்கு, அல்லது வேறு ரகம். துவரையில் குல்பர்கா பக்கத்து உருண்டைப் பருப்பு வேறு, பர்மாவில் இருந்து வருகிற சின்னப் பருப்பு வேறு. இறக்குமதி என்றால் எந்த நாடு என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும். அந்த வரியைத் தேடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எத்தனை கிலோ வாங்கப் போகிறீர்கள்? ரேஷனில் சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை வாங்கிவிட்டு மேற்கொண்டு வேண்டியதற்குத்தான் கடைச் சரக்கா, பெயர்ச் சரக்கா என்ற யோசனையே.

உளுந்துக்கு வந்தால் நான் இரண்டையும் விட்டுவிடச் சொல்வேன். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுப்பை ஒட்டி ஈர வயலில் உளுந்தையும் பயறையும் தெளிப்பார்கள். பங்குனி, சித்திரையில் புது உளுந்து வரும். புது உளுந்தில் மாவு பொங்கிக்கொண்டு வருவதைக் கிரைண்டர் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மூன்று வருடக் கதை சொல்லும் வெள்ளை உருட்டு உளுந்துக்குத் திரும்ப மாட்டார்கள். தோலைக் களைகிற வேலை இருக்கிறது, உண்மைதான். அந்த வேலைக்கு நேரம் இல்லாத வீட்டில் கடைச் சரக்கு உருட்டு உளுந்தில் அரைக் கிலோ மட்டும் வாங்கி, ஆழாக்குக்கு மாவு எவ்வளவு காணுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கிலோ விலையை விட அதுதான் இட்லியின் விலை.

இனி விலைச் சீட்டு. கடைச் சரக்கு மலிவாக இருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. விளம்பரச் செலவு இல்லை, நடிகர் சம்பளம் இல்லை, ஸ்டாக்கிஸ்ட் கமிஷன் இல்லை. மிச்சமாவதில் ஒரு பங்கு நமக்கு, பெரிய பங்கு கடைக்கு. இதில் தவறு எதுவும் இல்லை. தவறு நடப்பது எம்ஆர்பியில். பெயர்பெற்ற கம்பெனி எம்ஆர்பி அச்சடித்தால் ஊரெல்லாம் அதே விலை, கடைக்காரர் அதில் ஐந்தோ பத்தோ குறைப்பார். கடைச் சரக்கில் எம்ஆர்பியை எழுதுபவரும் அதில் தள்ளுபடி தருபவரும் ஒருவரே. உதாரணத்துக்கு, கடைப் பாக்கெட் ஒரு கிலோ எம்ஆர்பி 240, நாற்பது சதவீதம் தள்ளுபடி போக 144. பக்கத்தில் பெயர்ப் பாக்கெட் அரைக் கிலோ எம்ஆர்பி 85, தள்ளுபடி போக 80, அதாவது கிலோ 160. உங்களுக்கு மிச்சம் 16 ரூபாய். 96 ரூபாய் என்பது தொங்கவிட்ட அட்டையின் கணக்கு.

இப்போது பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சடித்தாக வேண்டும். எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே, எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடி விலைக்கு நீங்களேதான் போனை எடுத்து வகுக்க வேண்டும். வகுக்காமல் விட முடியாது, ஏனென்றால் டீ, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் இன்ன இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்றிருந்த பழைய விதியை எடுத்துவிட்டார்கள். 850 கிராம், 870 கிராம், 750 மில்லி என்று கண்டபடி வருகிறது. எண்ணெயில் இன்னொரு கோளாறு: ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். ஒன்றில் லிட்டரும் ஒன்றில் கிராமும் பெரிதாகப் போட்டிருந்தால் இரண்டையும் ஒரே அளவைக்குக் கொண்டுவந்த பிறகே விலை பேசுங்கள்.

எண்ணெய் அலமாரியில் கவனமாக நில்லுங்கள். நல்லெண்ணெய் போலவே மஞ்சள் லேபிள், அதே வடிவ பாட்டில், விலை பாதி. திருப்பிப் பார்த்தால் 'தீப எண்ணெய்' என்றிருக்கும், உணவுப் பாதுகாப்பு எண் இருக்காது. அது விளக்குக்கு. இன்னொரு வகை, இரண்டு எண்ணெய் சேர்த்த கலப்பு எண்ணெய். அதில் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். ரீபைண்டு சூரியகாந்தி எண்ணெயில் கடைச் சரக்குக்கு நான் பயப்பட மாட்டேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டிலும் கடைச் சரக்கு எனக்கு இதுவரை வாசனையில் தேறியதில்லை. அங்கே பழகிய பெயரோ, கண்முன்னே ஆட்டித் தருகிற செக்கோதான்.

"அக்கா, அந்தப் பெரிய பேரும் இதுவும் ஒரே மில்லுதான், கவர்தான் வேற" என்று கடைப் பையன் சொல்வான். பாதி உண்மை. சூப்பர் மார்க்கெட்டுக்குச் சொந்த ஆலை பெரும்பாலும் கிடையாது. யாரோ ஒரு மில்லில் அடைத்து வாங்குகிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் 'மார்க்கெட்டட் பை' என்பதற்குக் கீழே இருப்பது கடை. 'மேனுஃபேக்சர்டு பை' அல்லது 'பேக்டு பை' என்பதற்குக் கீழே இருப்பவர்தான் உண்மையில் அடைத்தவர். பக்கத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும். 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு உரிமம், 100 என்றால் மத்திய உரிமம். நான்காவது, ஐந்தாவது இலக்கங்கள் உரிமம் கொடுத்த ஆண்டு. இரண்டு பாக்கெட்டிலும் உற்பத்தியாளரின் எண் ஒன்றாக இருந்தால் பையன் சொன்னது சரி. ஆனாலும் ஒரே மில்லில் முதல் தரமும் இரண்டாம் தரமும் உண்டே! சலித்து முழுதாக நின்ற பருப்பு ஒரு கவருக்கும், உடைசல் கலந்தது இன்னொரு கவருக்கும் போகும். கவரை வெளிச்சத்தில் பிடித்து அடியில் எவ்வளவு குருணை தங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கு எந்த எண்ணும் ஈடில்லை.

கலவைப் பொருள்களில் கதை மாறுகிறது. டீத்தூளில் பெயருக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. பல தோட்டத்துத் தூளைக் கலந்து வருடம் முழுக்க ஒரே ருசி வரவழைப்பது தனி வித்தை; கடைச் சரக்கு டீ சித்திரையில் ஒரு மாதிரி, ஐப்பசியில் ஒரு மாதிரி. காபித்தூளில் முதலில் சிக்கரியைப் பாருங்கள். காபி, சிக்கரி சதவீதத்தைப் பாக்கெட்டில் போடுவது சட்டம். சிக்கரி 49க்கு மேல் போகக் கூடாது. 80க்கு 20 என்ற தூளையும் 53க்கு 47 என்ற தூளையும் பக்கத்தில் வைத்து 'இது மலிவு' என்பதில் அர்த்தமில்லை. பெருங்காயமும் அப்படியே. நாம் வாங்குவது எல்லாமே கூட்டுப் பெருங்காயம், மைதாவும் பிசினும் சேர்ந்தது. இதில் நான் கடைச் சரக்கு வாங்குவதில்லை. ஒரு டப்பா இரண்டு மாதம் வரும், அதில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து ரசத்தைக் கெடுப்பானேன்?

சாம்பார்ப் பொடி, மீன் குழம்பு மசாலா வாங்கும்போது உட்பொருள் வரிசையைப் படியுங்கள். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. மல்லி, மிளகாய், பருப்பு என்று போனால் நல்லது. இரண்டாவது மூன்றாவது இடத்திலேயே உப்போ அரிசியோ நின்றால் நீங்கள் உப்பை மசாலா விலைக்கு வாங்குகிறீர்கள். பெரிய பெயரிலும் இது உண்டு. பெரிய பெயர் என்பதே காப்பும் ஆகாது: 2015 ஜூனில் மேகிக்குத் தடை வந்து, ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு விவகாரத்தில் ஹாங்காங் எம்டிஎச், எவரெஸ்ட் மசாலாக்கள் சிலவற்றை நிறுத்தியது. எந்தப் பாக்கெட்டும் பிடிக்காதவர்களுக்கு மாவு மில் இருக்கிறது. சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சுக்கு வறுத்து அரைக்கிற வீடுகளில் பொடியைப் பற்றி இந்த இரண்டு கட்சிப் பேச்சே கிடையாது.

முந்திரிப் பருப்பைச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவது இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அழகில்லை. பண்ருட்டியில் எண் சொல்லிக் கேளுங்கள். 240 என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், சுமார் 240 பருப்பு. 320 என்றால் அதைவிடச் சின்னது. எண் ஏற ஏற விலை இறங்கும். பாயசத்துக்கும் கேசரிக்கும் உடைசல் போதும், முழுப் பருப்புக்குக் கொடுப்பது வீண்.

சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பினாயில் இவற்றில் கடைச் சரக்கை எடுத்துப் பாருங்கள். நாக்குக்கு அங்கே வேலை இல்லை.

புதுச் சரக்கைச் சோதிக்கிறவர்கள் இருப்பதிலேயே சின்னப் பாக்கெட்டாக, சாதாரண வாரத்தில் வாங்கட்டும். விருந்தாளி வருகிற நாளிலும் தீபாவளிப் பலகாரத்துக்கும் வேண்டாம். வீட்டில் சொல்லாமல் சமைத்துப் போட்டு, யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று பார்க்கலாம். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைச் சரக்கில் வண்டு இருந்தால் திருப்பிக் கேட்க வேண்டிய இடம் அதே கவுண்ட்டர்தான், 'கம்பெனிக்காரனைக் கேளுங்க' என்று அவர்களால் தட்டிக் கழிக்க முடியாது. அப்படியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.