விட்ட படிப்பைத் தொடரலாம்

ஈஜிபுராவில் எங்கள் தெருவிலேயே, பட்டம் பெற்றுத் திருமணமாகிப் பெங்களூர் வந்ததோடு மேற்படிப்பை விட்டுவிட்ட தமிழ்ப் பெண்கள் சிலர் உண்டு. கேட்டால், "இனிமே எங்கே சார், எல்லாம் மறந்துபோச்சு" என்பார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

டாக்டர் மு. வரதராசனார் முதலில் தாலுகா அலுவலக எழுத்தர். உடல்நலம் குன்றி அவ்வேலையை விட்டார். பின்னர் தாமே படித்து 1935-இல் வித்துவான் தேர்வில் தேறினார். ஆசிரியப் பணிக்கிடையே 1939-இல் பி.ஓ.எல்., 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். இன்னொருவர் பாட்னாவைச் சேர்ந்த ராஜ்குமார் வைஷ்யா. 1938-இல் பட்டம் பெற்ற இவர், நாலந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் தேறியது 2017-இல்!

நமக்குள்ள வழி என்ன? 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், மைசூரில் 1996-இல் தொடங்கிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. முன்னதில் எம்.ஏ.வை 2 ஆண்டுகளில் முடிக்கலாம்; முடியாவிட்டால் 4 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு.

ஓர் எச்சரிக்கை. என்னைப் போல் டிப்ளமோ மட்டும் உள்ளவர்கள் முதலில் இளநிலைப் பட்டம் பெற வேண்டும். அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற எம்.ஏ. வேலைக்குத் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பணம் கட்டுமுன், அப்படிப்புக்கு அந்த ஆண்டில் யு.ஜி.சி. அனுமதி உண்டா என்றும் பாருங்கள்.

இனி, படிக்கும் முறை. தண்டவாளத்தின் கீழ் ஜல்லியைச் சலித்துப் போட்டதும் ரயிலை முழு வேகத்தில் விடமாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர். பாதை இறுகிய பின் படிப்படியாகக் கூட்டுவோம். நீங்களும் முதல் மாதம் தினம் அரை மணி நேரம் படித்தால் போதும். வாசிப்பதோடு நில்லாமல் எழுதிப் பாருங்கள். மூளையை விட முதலில் பழக்கம் விட்டுப்போவது கைதான்.

பாதையில் வேலை செய்ய 'பிளாக்' வாங்குவோம். அந்நேரத்தில் அவ்வழியே எந்த ரயிலும் வராது. வீட்டிலும் தினமும் அப்படி ஒரு பிளாக் வேண்டும். அதைத் தர வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும். அந்நேரம் குக்கர் விசிலையும் குழந்தையின் வீட்டுப்பாடத்தையும் அவர்கள் கவனித்துக்கொள்ளட்டும்.

இன்றே பழைய மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றிதழையும் பெட்டியிலிருந்து எடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அதற்கான ஆவணத்தையும் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அது கேட்கப்படலாம்.